இருபது மில்லிமீட்டர் படை

உங்கள் வீட்டில் பேப்பர் கப் இருக்கிறதா? இருந்தால், அது யாருக்காக?

விசேஷத்துக்கு என்று அவசரமாகச் சொல்லிவிடாதீர்கள். கடலூரில் திருவந்திபுரம் போகும் சாலையில் ஒரு மாடி வீடு. அங்கே விசேஷம் எதுவும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரு பேப்பர் கப் மாடிப்படி ஏறி வந்தது. ஒரு தட்டில் மூன்று கண்ணாடி டம்ளர்கள், ஓரமாக ஒரு பேப்பர் கப். நான்கிலும் ஒரே பாத்திரத்தில் கொதித்த தேநீர். பேப்பர் கப் ராபர்ட்டுக்கு. இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் வந்தது.

ராபர்ட்டுக்கு வயது முப்பத்தாறு. குமராட்சிக்குப் பக்கத்துக் கிராமம். அம்மா சின்னம்மாள் இன்றும் நடவுக்குப் போகிறார். ராபர்ட் சிதம்பரத்தில் வரலாறு படித்தார். வரலாறு வேலை தரவில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு லேசர் கட்டிங் கடை தந்தது. பெயர்ப்பலகை, கல்யாண மேடைக்கு மாப்பிள்ளை பெண் பெயர், பூஜை அறைக் கதவுக்கு ஓம், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், எதை வரைந்து கொடுத்தாலும் எம்.டி.எஃப். என்ற மரத்தூள் பலகையில் வெட்டித் தருவார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் ஜெயப்பிரகாஷ் அந்தக் கடைக்கு வந்தார். டைல்ஸ் ஏஜென்சி வைத்திருப்பவர், ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கும் மனிதர். நாற்பது மில்லிமீட்டர் அகலம், இருபது மில்லிமீட்டர் ஆழம், மூன்று மில்லிமீட்டர் கனம், இருநூறு துண்டு வேண்டும் என்றார்.

"எதுக்கு சார் இது?"

"போருக்கு."

பொய் இல்லை. மேஜைமேல் சின்னச் சிப்பாய் பொம்மைகளை அணிவகுத்து, ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்தி, தாயம் உருட்டி வெற்றி தோல்வி பார்க்கும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. சிப்பாய்கள் தனித்தனியாக நிற்பதில்லை. நாலைந்து பேரை ஒரு சின்னப் பலகையில் ஒட்டி ஒரு பிரிவாக்குவார்கள். அந்தப் பலகைக்கு ஆடுகிறவர்கள் வைத்த பெயர் பேஸ். ஆட்டத்தின் விதிகள் பொம்மையின் மீசையையோ தொப்பியையோ பார்ப்பதில்லை. பேஸை மட்டும்தான் பார்க்கும். யார் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறார், யாருக்குத் திரும்ப இடம் இருக்கிறது, யார் முதுகு காட்டுகிறார், எல்லாம் பேஸின் கணக்கு.

பலகைகளை வீட்டில் கொடுக்கப் போன ராபர்ட் மாடியில் ஆறடிக்கு நாலடி மேஜையைப் பார்த்தார். பச்சைத் துணி விரித்த அந்த மேஜையில் பரங்கிப்பேட்டைப் போர் நடந்துகொண்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஜெயப்பிரகாஷ் நடத்தினார். ஹைதர் அலியின் படையை சிதம்பரத்தில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் அன்பரசு நடத்தினார். பக்கத்தில் வங்கி ஊழியர் செந்தமிழ்செல்வன்.

"சார், ஹைதர் குதிரைப்படைய நடுவுல வச்சிருக்கீங்களே. அது சுத்தி வர்ற படை. ஓரத்துல வைங்க" என்றார் ராபர்ட்.

அன்பரசு திரும்பிப் பார்த்தார். "நீங்க ஹிஸ்டரியா?"

"படிச்சேன். இப்ப ஓம் வெட்டுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நாலாவது ஆள் கிடைத்துவிட்டான் என்று ஜெயப்பிரகாஷ் முதுகில் தட்டினார். தட்டிவிட்டு, "குமராட்சின்னா எந்தத் தெரு தம்பி?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நம் ஊரில் யாரும் வழி தெரியாமல் கேட்பதில்லை. "காலனி சார்" என்றார் ராபர்ட். அடுத்த ஞாயிறு பேப்பர் கப் வந்தது.

ராபர்ட் ஊரின் இளைஞர் மன்றத்தில் கொள்ளிடம் வெள்ளத்தில் நனைந்து வளைந்த கேரம் போர்டு ஒன்று கிடந்தது. அதைக் கடலூருக்குக் கொண்டு வந்து, இரும்புச் சட்டத்தில் இறுக்கி நேராக்கி, தன் ஒற்றை அறை வீட்டில் அதன்மேல் பயிற்சி செய்தார். கடையில் இருந்த முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் நெல்மணி உயரத்துக்குச் சிப்பாய்களும் குதிரைகளும் எடுத்தார். போர்டு சின்னது என்பதால் பேஸையும் சின்னதாக, இருபது மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிக்கொண்டார். ஞாயிறு மாடி வீட்டிலும் அந்தப் படையைத்தான் இறக்குவார். இரண்டு ஆண்டுகளில் ஜெயப்பிரகாஷை ஒன்பது முறை தோற்கடித்தார். அப்போது யாரும் பேஸின் அளவைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு ஞாயிறு தேநீர் வந்தபோது ராபர்ட் சாதாரணமாகச் சொன்னார்: "அண்ணே, எனக்கும் டம்ளர்லயே குடுக்கச் சொல்லுங்க."

ஜெயப்பிரகாஷ் முகம் மாறவில்லை. "அதுக்கு இல்ல தம்பி. வீட்டுல அவுங்களுக்குக் கழுவுற வேலை மிச்சம்."

மூன்று டம்ளரைக் கழுவுகிற கைக்கு நாலாவது டம்ளர்தான் சுமையாம். அன்பரசு மேஜையைப் பார்த்தார். செந்தமிழ்செல்வன் தாயக்கட்டையைப் பார்த்தார். இருவர் கையிலும் கண்ணாடி டம்ளர் இருந்தது.

அடுத்த ஞாயிறு சுவரில் ஒரு தாள். கம்ப்யூட்டரில் அடித்து, ஜெயப்பிரகாஷ் கையெழுத்துப் போட்டது. இனி எல்லாப் படைகளுக்கும் பேஸ் நாற்பது மில்லிமீட்டர். அதற்குக் குறைந்த படை இந்த மேஜையில் ஏறாது.

"ரூல்னா ரூல்தானே தம்பி. நான் ஆளப் பாத்தா எழுதுனேன்? அளவப் பாத்து எழுதுனேன்."

சாதிக்கு நம் காலத்தில் இப்படித்தான் வேலை கிடைக்கிறது. அது இப்போது பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சுகாதாரம் என்று வருகிறது, அளவு என்று வருகிறது, கையில் ஸ்கேலும் வைத்திருக்கிறது.

வாசல் வரை அன்பரசு வந்தார். "மச்சான், உங்கடையிலயே வெட்டுற பலகைதானே. பத்து நிமிஷ வேலை. மாத்தி ஒட்டிட்டு வாயேன்."

"நீ அந்த டம்ளர்ல குடிச்ச" என்றார் ராபர்ட். படையை டிபன் பாக்ஸில் அடுக்கிக்கொண்டு இறங்கினார். அன்றைக்கே ஒன்றை முடிவு செய்துகொண்டார். ஜெயப்பிரகாஷுடன் இன்னும் ஒரே ஒரு ஆட்டம். இதே இருபது மில்லிமீட்டர் படையுடன். நாலு பேர் பார்க்க. அதில் ஜெயிக்க வேண்டும், அந்த மனிதர் அதை மறக்கவே கூடாது.

மூன்று ஆண்டுகள் ஆயின. கோபம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு ராபர்ட்டைத் தெரியாது. அவர் கோபத்தை அளவெடுத்தார்.

முதலில் தன்னையே சந்தேகப்பட்டார். இருபது என்பது சும்மா கை போன போக்கில் வெட்டியது. சின்ன மேஜைக்கு உண்மையிலேயே எது சரியான அளவு? பன்னிரண்டு பிரிவுகள் கொண்ட படைக்கு அட்டையில் ஐந்து விதமாக பேஸ் வெட்டினார்: நாற்பது, முப்பது, இருபத்தைந்து, இருபது, பதினைந்து. ஒவ்வொன்றையும் கேரம் போர்டில் பரப்பி, ஆட்டம் ஆட்டமாக ஆடிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

போர்டின் உள்பக்கம் எழுபத்துநாலு சென்டிமீட்டர். நாற்பது மில்லிமீட்டர் பேஸ் பன்னிரண்டை வரிசையாக வைத்தால் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் போய்விடும். இரண்டு பக்கமும் பதின்மூன்று பதின்மூன்று மிச்சம். நாலு பிரிவு கொண்ட ஓர் அணி கதவு மாதிரி சுழன்று திரும்ப அதன் அகலத்துக்கு இடம் வேண்டும், அதாவது பதினாறு. பதின்மூன்றில் பதினாறு திரும்பாது. அந்தப் படை முன்னால் போகலாம், பின்னால் வரலாம், பக்கவாட்டில் ஒன்றும் செய்ய முடியாது. முப்பதில் திரும்பலாம், ஆனால் ஒரு முறை திரும்பிய அணி தன் படைக்கே குறுக்கே நிற்கும். பதினைந்தில் இடம் தாராளம், ஆனால் ஒன்றை எடுக்கப் போனால் விரல் பட்டுப் பக்கத்தில் இரண்டு சாயும். இருபத்தைந்துக்கும் இருபதுக்கும் நடுவில் அவர் ஐந்து மாதம் தவித்தார். கடைசியில் முடிவு செய்தது குதிரைகள்தான். இருபதில் இரண்டு பக்கமும் இருபத்தைந்து சென்டிமீட்டர் கிடைத்தது. குதிரைப்படை அதில் ஓடி, வளைந்து, எதிரியின் முதுகுக்கு வந்து சேர முடிந்தது. கனம் மட்டும் மூன்று மில்லிமீட்டரில் வைத்துக்கொண்டார், விரல் சிப்பாயைத் தொடாமல் பலகையைப் பிடிப்பதற்காக.

அவர் மனைவி அனுப்பிரியா தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து காலையில் வந்தால் படுக்க இருக்கும் இடத்தில் பாதி போர்டு.

"ஏன்யா, அந்த ஆளு டைல்ஸ் வித்துக்கிட்டு நிம்மதியா இருக்கான். நீ இங்க நெல்லு நெல்லா குதிரைய அடுக்கிக்கிட்டு இருக்க."

"அவன்கிட்ட ஒரு குறை தெரியுது அனு. அவன் படை திரும்பாது."

"திரும்பாட்டி போவுது. சீக்கிரம் போயி ஆடிட்டு வா. எனக்கு வடாம் காயப்போட போர்டு வேணும்."

சென்ற ஆண்டு அன்பரசு போன் செய்தார். தன் கல்லூரியில் ஒரு ஞாயிறு போட்டி நடத்துகிறார். பதினாறு பேர் வருகிறார்கள், எந்த பேஸ் அளவும் கொண்டு வரலாம், ஆளுக்குப் பன்னிரண்டு பிரிவு. பெரிய மேஜைக்கு வழியில்லை. விளையாட்டுத் துறையின் கயல்விழி மேடம் எட்டு கேரம் போர்டுகளைக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். ஜெயப்பிரகாஷும் பெயர் கொடுத்துவிட்டார்.

"சின்ன போர்டுன்னு சொன்னியா அவருகிட்ட?"

"குரூப்ல போட்டேன் மச்சான். நம்ம நாப்பது எம்.எம். படை எந்த மேஜையிலயும் நிக்கும்னு பதில் போட்டுருக்காரு. முப்பது பேரு கட்டைவிரல் தூக்கியிருக்காங்க."

"மொத ஆட்டம் எனக்கும் அவருக்கும். மூன்றரைக்கு."

"ஏன் மூன்றரை?"

"நீ எனக்கு ஒரு டம்ளர் பாக்கி வச்சிருக்க அன்பு. அத இதுல கழிச்சுக்கோ."

அன்பரசு கழித்துக்கொண்டார்.

மூன்றரைக்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். மாடி வீட்டில் எந்த ஆட்டமும் நாலரையைத் தாண்டியதில்லை. நாலே காலுக்கே ஜெயப்பிரகாஷ் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார், நாலு இருபதுக்குள் எப்படியாவது முடித்துவிடப் பாய்வார். இரண்டு ஆண்டுகள் பேப்பர் கப்பைப் பிடித்தபடி ராபர்ட் பார்த்து வைத்திருந்தது இது.

அது ஏன் முக்கியம் என்றால், நாற்பது மில்லிமீட்டர் படைக்குச் சின்ன போர்டில் ஒரே ஒரு பாதுகாப்பு உண்டு. முதுகை விளிம்பில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்பது. நின்றால் யாரும் பின்னால் வர முடியாது. ராபர்ட்டின் மூன்று ஆண்டுக் கணக்கும் அங்கே செல்லாது. அந்த மனிதர் விளிம்பை விட்டு நடுவுக்கு வர வேண்டும்.

போட்டி நாள். கயல்விழி மேடம் விதிகளைப் படித்தார். கடைசி விதியில் கூடம் சிரித்தது: போர்டின் மூலைத் துளையில் விழுந்த பிரிவு செத்த பிரிவு. ஜெயப்பிரகாஷும் சிரித்தார். பிறகு எதிரே வந்து உட்கார்ந்த ராபர்ட்டைப் பார்த்தார்.

"நல்லா இருக்கியா தம்பி?"

"இருக்கேன் அண்ணே." ராபர்ட் ஒரு டப்பாவை நீட்டினார். "பன்னெண்டு பேஸ், இருபது எம்.எம். உங்களுக்குன்னு வெட்டுனது. போர்டு சின்னது, உங்க படை திரும்பாது. வேணும்னா மாத்தி ஒட்டிக்குங்க, நான் காத்திருக்கேன். பத்து நிமிஷ வேலைதான்."

இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் கையிலிருந்து அந்த மனிதர் எதையும் தானமாக வாங்க மாட்டார் என்று தெரிந்துதான் நீட்டினார். பின்னால் யாரும் ஏமாற்றிவிட்டான் என்று சொல்ல முடியாதபடி, கூடம் முழுக்கப் பார்க்க நீட்டினார்.

"நீயே வச்சிக்க" என்றார் ஜெயப்பிரகாஷ்.

ஆட்டம் தொடங்கியது. சிவப்புச் சட்டைக் கம்பெனிப் படை விளிம்போடு விளிம்பாகச் சுவர் போல நின்றது. ராபர்ட் தாக்கவில்லை. ஒவ்வொரு பிரிவையும் இரண்டு முறை அளந்தார். நகர்த்தினார். மறுபடி அளந்தார். ஸ்கேலைத் துடைத்தார்.

"சீக்கிரம் தம்பி."

"ரூல்னா ரூல்தானே அண்ணே. அளவு தப்பக் கூடாது."

நாலு மணி. நாலு ஐந்து. ஜெயப்பிரகாஷின் கண் சுவர்க் கடிகாரத்துக்கும் போர்டுக்கும் அலைந்தது. நாலு பத்துக்கு அவர் பொறுமை முடிந்தது. நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் சுவர் மொத்தமும் விளிம்பை விட்டு நடுவுக்கு நகர்ந்தது.

அதன் பிறகு ராபர்ட் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஸ்கேலை ஒரு முறைதான் வைத்தார். ஹைதரின் குதிரைகள் இரண்டு பக்கமும் ஓடின. பதின்மூன்று சென்டிமீட்டர் சந்தில் இருபது மில்லிமீட்டர் பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து, பின்னால் போய் விரிந்து, முதுகைப் பார்த்து நின்றன. ஜெயப்பிரகாஷ் வலது அணியைத் திருப்பப் பார்த்தார். அது போர்டின் மரச்சட்டத்தில் இடித்தது. இடது அணியைத் திருப்பினார். அது தன் நடு அணியிலேயே இடித்தது. சுற்றி நின்ற யாரோ, "சார், திரும்பலயே" என்றார். யாருக்கும் தெரியாத செய்தி இல்லை. சத்தமாகச் சொன்னதுதான் வலித்தது.

ஒவ்வொரு தாயத்துக்கும் ஒரு பிரிவு போனது. நாலு முப்பத்தைந்துக்கு மிச்சம் இருந்தது தளபதியின் பேஸ் மட்டும். தோற்ற பிரிவு ஐந்து சென்டிமீட்டர் பின்வாங்க வேண்டும். பின்னால் இருந்தது மூலை. ஜெயப்பிரகாஷ் தன் கையாலேயே நகர்த்தினார். பேஸ் ஒரு நொடி துளையின் விளிம்பில் தொங்கி, சரிந்து, வலைக்குள் விழுந்தது.

"ராகு காலத்துல ஆடிட்டேன்" என்றார் ஜெயப்பிரகாஷ், எல்லோருக்கும் கேட்கும்படி. "அதான்."

"எனக்கும் அதே நாலரைதான் அண்ணே" என்றார் ராபர்ட்.

குமராட்சிக் காலனிக்காரனிடம் தோற்றேன் என்று சொல்வதைவிட, வானத்தில் இல்லவே இல்லாத ஒரு பாம்பிடம் தோற்றேன் என்று சொல்வது அந்தப் பெரிய மனிதருக்குக் கௌரவமாக இருந்தது. இதுவும் ஒரு மூளை என்று நாம் ஓட்டும் போடுகிறோம், பெண்ணும் கொடுக்கிறோம்.

அப்போது தேநீர் வந்தது. கல்லூரித் தேநீர், எல்லோருக்கும் பேப்பர் கப். ஜெயப்பிரகாஷ் ஒன்றை எடுத்துக்கொண்டார். ராபர்ட் துணிப்பையைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்தார். வீட்டிலிருந்து கொண்டு வந்தது. தன் கப்பிலிருந்த தேநீரை அதில் ஊற்றினார். ஜெயப்பிரகாஷ் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு மடக்காக, கண்ணை எடுக்காமல் குடித்தார்.

"உங்களுக்கு ஒண்ணு கொண்டாந்திருப்பேன் அண்ணே" என்றார். "கழுவுற வேலை மிச்சம்னு விட்டுட்டேன்."

கூடத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. அன்பரசுக்குப் புரிந்தது. செந்தமிழ்செல்வனுக்குப் புரிந்தது. யாருக்குப் புரிய வேண்டுமோ அவர் பாதி கப்பை வைத்துவிட்டு எழுந்து போனார். அவசரத்தில் வலைக்குள் கிடந்த தளபதியை எடுக்க மறந்துபோனார்.

அது இப்போது ராபர்ட் வீட்டில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த உலோகப் பொம்மை, குதிரைமேல் உட்கார்ந்த சிவப்புச் சட்டை. கீழே ராபர்ட் வெட்டிய நாற்பது மில்லிமீட்டர் பலகை. அனுப்பிரியா அதை வடாம் டப்பா மேல் வைத்திருக்கிறார். ஒரு வாரத்தில் அன்பரசு வழியாகச் சொல்லி அனுப்பினார் ஜெயப்பிரகாஷ், திருப்பிக் கொடுக்கச் சொல்லி.

"வீட்டுக்கு வந்து வாங்கிக்கச் சொல்லு" என்றார் ராபர்ட். "உக்காந்து ஒரு டீ குடிக்கணும். எங்க வீட்டு டம்ளர்ல."

"மச்சான், போதும். வயசான மனுஷன்."

"எனக்கும்தான் வயசாவுது."

எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. ஜெயப்பிரகாஷ் வரவில்லை. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ராபர்ட் வீடு அவர் வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிடம். பொம்மையின் விலையைவிட அந்த ஒரு டம்ளர் அவருக்குக் கனமாக இருக்கிறது.

விட்டுவிடு, மன்னித்துவிடு என்று ராபர்ட்டுக்குப் புத்தி சொல்ல இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். பேப்பர் கப் மாடி ஏறிய நூறு ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இவர்கள் மன்னிப்பு கேட்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு மன்னிப்பைப் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். ராபர்ட் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டியதும் இல்லை.

நீங்கள் இப்போது எழுந்து உங்கள் சமையலறைக்குப் போங்கள். அலமாரியின் பின்பக்கம், பிரித்து வைத்த பேப்பர் கப் கட்டோ, தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளரோ இருந்தால் எடுத்து வாருங்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் இடத்தின் நடுவில் வையுங்கள். இது யாருக்கு என்று கேளுங்கள். பதில் வரும்வரை நின்றுகொண்டே இருங்கள்.